ஆற்காட்டு நவாபின் கடன்

சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்கள் இறங்கி நடக்கும் வாலாஜா சாலை, பெருங்கடன்பட்ட ஒருவரின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. முகம்மது அலி வாலாஜா 1749 முதல் 1795இல் இறக்கும்வரை நாற்பத்தாறு ஆண்டுகள் ஆற்காட்டு நவாபாக இருந்தார். நெல்லூரிலிருந்து திருநெல்வேலிவரை நீண்டு கிடந்த நாடு பெயரளவில் அவருடையது. 1768இல் அவர் கட்டிக் குடியேறிய சேப்பாக்கம் மாளிகை இன்றும் நிற்கிறது. அவரைப் பற்றி நம்மிடையே வழங்கும் கதை சுருக்கமானது: ஆடம்பரமாக வாழ்ந்தார், கண்டபடி கடன் வாங்கினார், கடைசியில் வெள்ளைக்காரன் நாட்டை எழுதி வாங்கிக்கொண்டான். கதையின் தலையும் வாலும் சரி, வயிற்றுப் பகுதியில்தான் கோளாறு. தமிழில் 'கடன்காரன்' என்றால் கடன் வாங்கியவனையும் குறிக்கும், கொடுத்தவனையும் குறிக்கும். ஆற்காட்டுக் கணக்கைப் படிக்க இந்த ஒரு சொல்லைவிட நல்ல சாவி கிடையாது. செலவை இழுத்துவிட்டவர், அதற்குக் கடன் கொடுத்தவர், அந்தக் கடனுக்காகக் குடிகளிடம் வரி பிரித்தவர் எல்லாரும் ஒரே கூட்டமாக ஆனதால்தான் அந்தக் கடன் தீராமல் போனது. நவாபின் கைதாராளம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

கடன் தொடங்கிய இடம் போர்க்களம். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் தந்தை அன்வருத்தீன் கான் கொல்லப்பட்டதும் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் ஒதுங்கினார். எதிரே பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபு, அவருக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள். இவருக்குத் துணை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி. அந்தத் துணை இலவசமாக வரவில்லை. சிப்பாய்ச் சம்பளம், வெடிமருந்து, கோட்டைக் காவல் எல்லாம் நவாபின் பற்றில் ஏறின. 1760-61இல் கம்பெனி புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்தது. ஐரோப்பாவில் மூண்ட இங்கிலாந்து-பிரான்ஸ் பகையின் ஒரு பகுதிதான் அந்த முற்றுகை. ஆனாலும் செலவு நவாபின் தலையில் விழுந்தது. 1763ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கை அவரைக் கர்நாடகத்தின் (ஆற்காட்டு நாட்டுக்கு அன்று வழங்கிய பெயர்) முறையான நவாபாக ஏற்றது. அதே ஆண்டில் செங்கல்பட்டுச் சீமையை அவர் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாயை அனுபவிக்கும் மானிய நிலமாக, கொடுத்தார். கம்பெனி அதை அவருக்கே குத்தகைக்கு விட்டது. தன் நிலத்துக்குத் தானே குத்தகைப் பணம் கட்டும் மன்னர் என்ற விசித்திரம் 1780வரை நீடித்தது.

கம்பெனியின் பாக்கியைக் கட்டப் பணம் வேண்டும். சென்னையில் வட்டிக்கு விடும் அளவு பணம் வைத்திருந்தவர்கள் சவுகார்களும் கம்பெனியின் சொந்த உத்தியோகஸ்தர்களுமே. கோட்டைக்குள் மேசையில் உட்கார்ந்து நவாபின் பாக்கிக்குக் கெடுபிடி செய்த அதே அதிகாரிகள், மாலையில் தம் துபாஷி (மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவர்) மூலம் அந்தப் பாக்கியைக் கட்ட நவாபுக்குக் கடன் கொடுத்தார்கள். தொடக்கத்தில் வட்டி ஆண்டுக்கு 36 விழுக்காடுவரை போனது. கம்பெனியின் பணத்தைக் கட்ட வாங்கிய கடன் கம்பெனிப் பணத்தைவிடப் பெரிதாக வளர்ந்தது. 1767இல் தனியார் கடன்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, வட்டியைப் பத்து விழுக்காடாக இறக்கி, ஒரே தொகையாக எழுதினார்கள். அந்தத் தொகை 8,80,000 பவுண்டு. கம்பெனி எழுத்தர் ஒருவரின் சம்பளம் ஆண்டுக்குச் சில நூறு பவுண்டைக்கூட எட்டாத காலம் அது. இவ்வளவு பணம் இவர்கள் கைக்கு எப்படி வந்தது என்ற கேள்வியை லண்டன் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

கடன் எப்படித் திரும்பியது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நவாபின் கஜானாவில் ரொக்கம் இல்லை. ஆகவே கடன் கொடுத்தவருக்கு அவர் ஒரு தாலுகாவின் வரி வசூலை எழுதிக் கொடுப்பார். பாரசீக ஆட்சி வழக்கில் இதற்குத் தன்க்வா என்று பெயர். அந்தச் சீட்டோடு துபாஷியின் ஆள் தாலுகாவின் வரி அதிகாரியான அமில்தாரிடம் போவான். கிஸ்தி வசூலாகும் காலம் இன்னும் வரவில்லை என்று அமில்தார் சொன்னால் எடுபடாது, சீட்டுக்குத் தவணை உண்டு. அமில்தார் சவுகாரிடம் வட்டிக்கு வாங்கிச் சீட்டைத் தீர்ப்பார். சவுகாருக்கு ஈடு, வயலில் நிற்கும் பயிர். அறுவடை நாளில் களத்துமேட்டில் சவுகாரின் ஆள் முதலில் நிற்பான். நெல் மலிவாய் விற்கும் அந்த ஒரு நாளிலேயே குடியானவர் தன் பங்கை விற்றாக வேண்டும். ஆக, சென்னையில் பத்து விழுக்காடு என்று பத்திரத்தில் எழுதிய வட்டி, கிராமத்தை அடையும்போது இரண்டு மூன்று வட்டிகளாகப் பெருகியிருந்தது. மேலே எழுதிய எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு கேடும் இருந்தது. இரண்டு மூன்று அறுவடைக்கு மட்டும் வசூல் உரிமை வைத்திருப்பவனுக்கு ஏரிக் கரை உடைந்தால் என்ன, மதகு தூர்ந்தால் என்ன? செங்கல்பட்டு ஜாகீரின் நில அளவைப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு எட்மண்ட் பர்க் ஏரிகளை எண்ணினார். இரண்டு மூன்று ஏக்கர் குட்டையிலிருந்து ஐந்து மைல் சுற்றளவுள்ள ஏரிவரை ஆயிரத்து நூறுக்கு மேல் வந்தன. தமிழ்நாட்டை ஒருமுறைகூடக் கண்டிராத அயர்லாந்துக்காரர், லண்டன் நாடாளுமன்றத்தில் நின்றுகொண்டு, இந்த ஏரிகளை வெட்டியவர்களே உண்மையான அரசர்கள் என்று வாதாடினார். அரசுச் செலவு என்றாலே வீண் என்று பேசுவோர் கவனிக்க வேண்டிய இடம் இது. நவாபின் அரசு போருக்கும் வட்டிக்கும் எவ்வளவு செலவழித்தது என்பது அதன் குற்றப்பட்டியலில் பாதிதான். செலவழிக்காமல் விட்ட ஏரிக் கரைகள் மீதிப் பாதி.

கடன் கொடுத்தவர்களில் பேர்போனவர் பால் பென்ஃபீல்டு. 1760களில் கட்டடப் பொறியாளராகச் சென்னைக்கு வந்து, ஒப்பந்த வேலைகளிலும் வட்டியிலும் பணம் பார்த்தவர். சேப்பாக்கம் மாளிகையைக் கட்டியவரும் அவரே என்று சொல்வதுண்டு. 1773 செப்டம்பரில் கம்பெனிப் படையின் துணையோடு நவாபு தஞ்சாவூரைப் பிடித்து, மராட்டிய மன்னர் துளஜாவைச் சிறைவைத்தார். காவிரி வயல்கள் கைக்கு வந்ததும் அவற்றின் விளைச்சலும் கடன்காரர்களுக்கு எழுதப்பட்டது. லண்டன் இயக்குநர்கள் இந்தப் படையெடுப்பை ஏற்கவில்லை. துளஜாவுக்கு நாட்டைத் திருப்பிக் கொடுக்கும்படி பிகட் பிரபுவை ஆளுநராக அனுப்பினார்கள். 1776 ஏப்ரலில் பிகட் அதைச் செய்து முடித்ததுமே பென்ஃபீல்டு மனுவோடு வந்தார்: தஞ்சை வருவாயின்மேல் நவாபு எனக்கு எழுதிக் கொடுத்தது 1,62,000 பவுண்டு, தஞ்சையில் தனி ஆட்களுக்கு நான் கொடுத்தது 72,000 பவுண்டு, இவை என்னாவது? ஆவணம் கேட்டார்கள். போதுமானதாக எதுவும் வரவில்லை. ஆளுநரின் ஆலோசனைக் குழு முதலில் மனுவைத் தள்ளியது. பிறகு குழுவின் பெரும்பான்மை மனம் மாறியது. நவாபின் கடனில் பங்குள்ள குழு நவாபின் கடனுக்குத் தீர்ப்புச் சொன்னால் வேறு என்ன நடக்கும்? பிகட் விட்டுக்கொடுக்காமல் எதிர்த்தவர்களை இடைநீக்கம் செய்ய, அவர்கள் 1776 ஆகஸ்ட் 24 அன்று ஆளுநரையே கைதுசெய்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் பிகட் காவலிலேயே இறந்தார். பிகட் ஒன்றும் புனிதர் அல்லர், முதல் தடவை ஆளுநராக இருந்தபோது அவர் சேர்த்த செல்வம் ஊரறிந்தது. ஆனால் கடன் பத்திரத்துக்குக் குறுக்கே நின்றால் ஆளுநர் பதவிகூடக் காப்பாற்றாது என்பதைச் சென்னை அன்று கண்டது.

பிகட் இறந்த அதே 1777இல் இரண்டு கடன்கள் எழுதப்பட்டன. ஒன்று குதிரைப்படைக் கடன். நவாபு தன் குதிரைப்படையைக் கலைக்க வேண்டும், கலைக்குமுன் சம்பள பாக்கியைத் தீர்க்க வேண்டும். டெய்லர், மெஜெண்டி, கால் என்ற மூவர் நான்கு லட்சம் வராகன், அதாவது 1,60,000 பவுண்டு, தர முன்வந்தார்கள். வட்டி பன்னிரண்டு விழுக்காடு, ஈடாகச் சில மாவட்டங்களின் வசூல். பர்க் அடுக்கிய குற்றச்சாட்டின்படி, இவர்கள் ரொக்கம் தராமல் தவணைச் சீட்டுகளைத் தந்தார்கள், அந்தச் சீட்டுகளைத் தீர்க்கும் பணத்தை நவாபின் மாவட்டங்களிலிருந்தே வசூலித்தார்கள். குதிரைவீரர்களோ சம்பளத்துக்கு நெடுநாள் காத்துக் கிடந்தார்கள். சொன்னது உண்மையென்றால், நவாபு வாங்கிய கடன் நவாபின் சொந்தப் பணம். மற்றொன்று 1777ஆம் ஆண்டுத் தொகுப்புக் கடன், 24 லட்சம் பவுண்டு, அதற்கும் பன்னிரண்டு விழுக்காடு. யார் எப்போது எவ்வளவு கொடுத்தார்கள் என்பதற்குத் தெளிவான விவரம் அதில் கிடையாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். நவாபு மாளிகை கட்டினார், மக்காவுக்கு அள்ளிக் கொடுத்தார், மசூதிக்கும் கோயிலுக்கும் வழங்கினார், யாருக்கும் இல்லையென்று சொல்லத் தெரியாதவர், பிறகு கடன் ஏறாமல் இருக்குமா? ஆடம்பரத்தை மறுக்க முடியாது. ஆனால் மாளிகையின் செலவு ஒரு தடவையோடு முடிந்துவிடும். படைச் செலவும் வட்டியும் ஆண்டுதோறும் வாசலில் நிற்பவை, இவருடைய கணக்கை உடைத்தவை அவையே. கடன் பெரிது என்பதும் மட்டுமே காரணமாகாது. அதே காலத்து இங்கிலாந்தைப் பாருங்கள். 1763இல் அதன் தேசியக் கடன் சுமார் 13 கோடி பவுண்டு. அமெரிக்கக் குடியேற்றங்களை இழந்த போருக்குப் பிறகு 24 கோடி. நவாபின் மூன்று தனியார் கடன்களையும் கூட்டினால் 34 லட்சத்துச் சொச்சம். இங்கிலாந்து மூழ்கவில்லை. அங்கே வட்டி மூன்றிலிருந்து ஐந்து விழுக்காட்டுக்குள் இருந்தது. எந்த வரியிலிருந்து வட்டி கட்டப்படும் என்பதை நாடாளுமன்றம் முன்கூட்டியே நிறைவேற்றியது. கடன் கொடுத்த லண்டன் வியாபாரி, கென்ட் மாவட்டத்து உழவரின் களத்துக்கு ஆள் அனுப்ப முடியாது. இந்த மூன்றும் ஆற்காட்டில் தலைகீழ். தன் நாட்டில் கடனை ஒழுங்காக நடத்தத் தெரிந்த அதே கூட்டம், இங்கே அந்த ஒழுங்கில் ஒன்றைக்கூடக் கொண்டுவரவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சலைக் கிளப்பும் விஷயம்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. முகம்மது அலியை ஏமாந்த சோணகிரியாகச் சித்திரிப்பது பொருந்தாது, கடனையே அவர் ஆயுதமாக வைத்திருந்தார் என்று சொல்லலாம். உண்மைதான். யாரிடம் அவருடைய பத்திரம் இருந்ததோ அவர் நவாபின் அரியணை நீடிக்க வேண்டும் என்று விரும்புவார். ஆலோசனைக் குழு உறுப்பினர் ஒருவர் கையில் பத்திரம் இருந்தால் குழுவில் ஒரு வாக்கு நவாபுக்கு. லண்டனிலும் அவருக்கு முகவர்கள் இருந்தார்கள். பழங்கவி ஓசியன் பெயரில் பாடல்களை வெளியிட்டுப் புகழும் வசையும் பெற்ற ஜேம்ஸ் மாக்பர்சன் அவர்களில் ஒருவர், நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. பென்ஃபீல்டும் 1780இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். ஆற்காட்டுக் கடன்காரர்கள் ஒரு கட்சி என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்தார்கள். பிரெஞ்சுக்காரர், மைசூரின் ஐதர் அலி, நிஜாம், கம்பெனி என்று நாலாபுறமும் நெருக்கிய காலத்தில் போதிய படைபலம் இல்லாத ஒருவர் நாற்பத்தாறு ஆண்டு தாக்குப்பிடித்தது இந்தச் சூழ்ச்சியால்தான். ஆனால் அந்தச் சூழ்ச்சிக்கான விலையைத் திருவல்லிக்கேணியில் யாரும் கொடுக்கவில்லை. அதைக் கொடுத்தவர்கள் வந்தவாசியிலும் மாயவரத்திலும் நெல் விளைவித்தவர்கள். வாழ்நாள்வரை அரியணையைக் காத்த உத்தி, பிள்ளை காலத்தில் அதையே விற்றுத் தின்றது.

1780இல் ஐதர் அலி கணவாய் இறங்கி வந்து நாட்டைக் கொளுத்திய பிறகு வரியும் இல்லை, வட்டியும் இல்லை. 1781 டிசம்பரில் ஆளுநர் மக்கார்ட்னி, கர்நாடகத்தின் மொத்த வருவாயையும் ஐந்தாண்டுக்குக் கம்பெனி பெயரில் எழுதி வாங்கினார். ஆறில் ஒரு பங்கு நவாபுக்கு. இதனால் தனிக் கடன்காரர்கள் வசூலிலிருந்து வெளியே தள்ளப்பட்டார்கள். உடனே சேப்பாக்கத்திலிருந்தும் லண்டனிலிருந்தும் கூக்குரல் கிளம்பியது. பிரதமர் பிட் கொண்டுவந்த 1784ஆம் ஆண்டுச் சட்டம், இந்தக் கடன்களின் உண்மையை விசாரிக்கும்படி கம்பெனி இயக்குநர்களுக்குக் கட்டளையிட்டது. அவர்களும் விசாரணைக்கான கடிதம் எழுதி வைத்தார்கள். அதற்குமேல் அமர்ந்திருந்த கட்டுப்பாட்டு வாரியத்தின் டண்டாஸ் கடிதத்தையே மாற்றினார்: விசாரணை வேண்டாம், மூன்று கடன்களும் ஏற்கப்படுகின்றன, கர்நாடக வருவாயிலிருந்து ஆண்டுதோறும் 12 லட்சம் வராகன் கடனுக்கு ஒதுக்க வேண்டும். பவுண்டுக் கணக்கில் 4,80,000. வசூல் உரிமை நவாபிடம் திரும்பியது, மக்கார்ட்னி பதவி விலகினார். இதை எதிர்த்து 1785 பிப்ரவரி 28 அன்று பர்க் பேசிய நீண்ட பேச்சு, ஒரு பொதுக்கடனைப் பற்றி எழுந்த ஆங்கிலப் பேச்சுகளில் தலைசிறந்தது. வாக்கெடுப்பில் தோற்றது.

பர்க் எதிர்க்கட்சிக்காரர், பிட்டையும் டண்டாஸையும் மட்டம்தட்டக் கிடைத்த ஆயுதத்தை வீசினார், அவர் பேச்சை எப்படி நம்புவது என்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும். அந்த மூன்று கடன்களில் எது மெய், எது பொய் என்று இன்றும் யாராலும் பிரித்துச் சொல்ல இயலாது, விசாரணையே நடக்கவில்லையே. ஆனால் பிற்பாடு வந்த கடன்கள் விசாரிக்கப்பட்டன. கேள்வி கேட்காமல் பணம் கிடைக்கிறது என்று தெரிந்ததும் 1785க்குப் பிறகு புதுப் பத்திரங்கள் புற்றீசலாகக் கிளம்பின. 1805இல் அமைந்த கர்நாடக ஆணையர்கள் முன் வந்த கோரிக்கைகளின் மொத்தம் மூன்று கோடி பவுண்டைத் தாண்டியது. பல ஆண்டு இழுத்த விசாரணையின் முடிவில் அவர்கள் செல்லும் என்று ஏற்றது 27 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. பதினொன்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. விசாரித்த கடன் இந்த லட்சணம் என்றால், விசாரிக்காமல் கட்டிய கடனைப் பற்றிப் பர்க் மிகைப்படுத்தினார் என்று சாதிப்பது கடினம். டண்டாஸ் தரப்பில் ஒரு நியாயம் சொல்வார்கள்: பத்திரங்கள் கைமாறிவிட்டன, விசாரணை என்று இழுத்தால் ஒன்றுமறியாத முதலீட்டாளர்கள் நொடித்துப்போவார்கள், சந்தையின் நம்பிக்கை குலையும். அரசுக் கடன் பேச்சு எழும்போதெல்லாம் வரும் நியாயம்தான் இது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றியதால் பிறந்தவை அந்த மூன்று கோடி.

கடனின் கடைசி முனை தெற்கே பாளையங்களில் குத்தியது. பணமுடை வரும்போதெல்லாம் நவாபு கம்பெனிச் சிப்பாய்களோடு பாளையக்காரர்மேல் பாய்ந்தார். 1772இல் இராமநாதபுரம் வீழ்ந்தது. அதே ஆண்டு காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். கடன் தீர்க்கப் பேஷ்குஷ் என்ற கப்பம், பேஷ்குஷ் பிரிக்கப் படை, படைக்குச் சம்பளம் கொடுக்க மறுபடியும் கடன். 1792ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில், நவாபு தரவேண்டிய தொகையில் கழித்துக்கொள்வதாகச் சொல்லிப் பாளையக்காரர்களிடம் நேரடியாகப் பேஷ்குஷ் வசூலிக்கும் உரிமையைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. பாஞ்சாலங்குறிச்சிக்கும் கலெக்டர் ஜாக்சனுக்கும் இடையே மூண்ட தகராறு இந்த ஒப்பந்தத்தின் பிள்ளை. உனக்கு ஏன் வரி தர வேண்டும் என்று கட்டபொம்மன் வெள்ளையரைப் பார்த்துக் கேட்பதைச் சினிமாவில் பார்த்துக் கைதட்டிய நாம், கம்பெனி காட்டியிருக்கக்கூடிய பதிலைக் கவனித்ததில்லை. உங்கள் நவாபு பட்ட கடனுக்கு என்பதுதான் அது. 1799 அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். நவாபின் பத்திரங்களில் அவர் ஒரு வராகன்கூட வாங்கியவரில்லை.

1801 ஜூலையில் முகம்மது அலியின் மகன் உம்தத் உல் உமரா இறந்தார். அதே மாதத்தின் கடைசி நாளில் கம்பெனியின் தலைமை ஆளுநர் வெல்லெஸ்லியின் ஆட்கள் அரியணைக்குத் தேர்ந்தெடுத்த அஜீம் உத் தௌலா, நாட்டின் நிர்வாகத்தை முழுக்கக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் பட்டமும் அவருக்கு எஞ்சின. திப்புவோடு இரகசியக் கடிதப் போக்குவரத்து என்று காரணம் சொன்னார்கள். கடன் அதற்கு முன்பே கதவைத் திறந்து வைத்திருந்தது. பென்ஃபீல்டு லண்டனில் வங்கி தொடங்கி நொடித்து, 1810இல் பாரிஸில் வறுமையில் செத்தார் என்பது சிலருக்கு ஆறுதலாக இருக்கலாம்.

கடைசி நவாபு குலாம் முகம்மது கௌஸ் கான் 1855இல் வாரிசின்றி இறந்தபோது பட்டமும் ஒழிக்கப்பட்டது. அவரும் கடனோடுதான் போனார். அவருடைய சொத்தை நிர்வகித்துக் கடன்களைத் தீர்ப்பதற்காகவே 1858இல் தனிச் சட்டம் போட்டார்கள். சேப்பாக்கம் மாளிகை ஏலத்துக்கு வந்தது, சென்னை அரசே அதை ஏலத்தில் எடுத்தது. பிறகு அங்கே குடியேறிய அலுவலகங்களில் ஒன்று, மாகாணம் முழுவதற்கும் நிலவரி பிரித்த வருவாய் வாரியம்.